ஒரு வல்லரசின் ஆணை எவ்வளவு தூரம் செல்லும்?

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தை அடுத்து ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதற்குப் பெயர்கள் இரண்டு. அரசாங்க ஏடுகளில் அது புலிகேசிநகர். மக்கள் வாயில் பிரேசர் டவுன். முதலில் வந்தது பிரேசர் என்னும் பெயர்தான். 1910-ஆம் ஆண்டு இக்குடியிருப்பு தொடங்கப்பெற்றபோது, மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் மிட்போர்டு பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1988-இல் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் பெயரால் அது மாற்றப்பட்டது.

முன்னவர் தம் காலத்தில் உலகிலேயே பெரியதாக இருந்த வல்லரசின் பிரதிநிதி. பின்னவன் தன் காலத்தில் வடநாட்டின் மிகப் பெரிய பேரரசனை நருமதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன். ஒரே ஒரு வல்லரசு உலக விவகாரங்களைத் தன் மனம்போல நடத்திவிட இயலுமா என்று ஆராயப் புகுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான தொடக்க இடம் கிடைப்பது அரிது. நேயர்களில் பலர் வேலையை முன்னிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழ்பவர்கள். பெங்களூர் தண்டுப் பகுதித் தமிழர்களோ ஒரு வல்லரசின் நிழலிலேயே அங்கு வந்து சேர்ந்தவர்கள். அந்த நிழல் எங்ஙனம் விழுந்தது, எங்ஙனம் விலகியது என்பதை அவர்களுடைய பாட்டனார்கள் நேரில் கண்டார்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தான். வென்றவர்கள் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். ஹைதராபாத் நிஜாமின் படையும் உடன் இருந்தது. வென்ற நாட்டை முழுவதும் தாமே விழுங்கிவிட ஆங்கிலேயருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பங்கு கேட்க நிஜாம் இருந்தான். பொறாமை கொள்ள மராட்டியர் இருந்தனர். ஆகவே எல்லைப் பகுதிகள் சிலவற்றைப் பிரித்துக்கொண்டு, நடுநாட்டைப் பழைய உடையார் வமிசத்துச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தனர். திப்புவிடம் அலுவல் பார்த்த பூர்ணையாவே புதிய அரசுக்கும் திவான் ஆனார். வெற்றி பெற்ற அன்றே அந்த வல்லரசு தன் விருப்பத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் ஏற்பட்ட ஏற்பாட்டைப் பாதுகாப்பு உடன்படிக்கை என்று அழைத்தனர். மைசூர் அந்நிய அரசுகளோடு உறவாடக் கூடாது. ஆங்கிலப் படையைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டு அதன் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டும். அத்தொகை முதலில் ஏறக்குறைய 24½ லட்சம் ரூபாய்; 1881-இன் ஏற்பாட்டில் 35 லட்சம் என்று விதிக்கப்பட்டது. அரசவையில் ஒரு ரெசிடெண்டு இருப்பார். அவர் ஆணையிடுவதில்லை, ஆலோசனை கூறுவார். அந்த ஆலோசனையைத் தள்ளிவிடத் துணிந்த மன்னர் அரிது. பிரேசர் இத்தகைய பதவியில் இருந்தவர். அதற்கு முன் இளம் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராகவும் பாதுகாவலராகவும் இருந்தவர். மன்னனைச் சிறு வயதிலேயே தன் ஆள் ஒருவரிடம் பாடம் கற்க வைப்பதும் வல்லரசின் உபாயங்களுள் ஒன்று.

படை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சல் தாங்காமல் 1809-இல் பெங்களூருக்கு மாறியது. அல்சூர் ஏரியை ஒட்டித் தண்டு எழுந்தது. சென்னைப் படையோடு தமிழ்ச் சிப்பாய்கள் வந்தனர். அவர்கள் பின்னே வணிகர், கொத்தர், தச்சர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர் வந்தனர். பின்னாளில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் போன்ற ஒப்பந்தக்காரர்கள் தோன்றினர். 1868-இல் கட்டி முடிக்கப்பெற்ற அட்டாரக் கச்சேரியை, இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அமர்ந்திருக்கும் அந்தச் செந்நிற மாளிகையை, எழுப்பிய ஒப்பந்தக்காரர் அவரே. வல்லரசின் கொடி உச்சியில் பறந்தது. அந்தக் கொடிக்கம்பத்தை நட்டுத் தாங்கி நின்ற கைகள் வேறு.

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாகவே நெருக்கம் குறைந்த புதிய குடியிருப்புகளைப் பற்றிய எண்ணம் பிறந்தது. நகரசபைப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் எலி புகாத வீடுகளையும் நேரான தெருக்களையும் திட்டமிட்டார். அவ்வாறு உருவான பேட்டைதான் பிரேசர் டவுன். ஸ்டீபன்ஸ் சாலை இன்றும் அங்கு இருக்கிறது.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். பிரேசர் டவுனின் பெயர்க்கல் பதிக்கப்பெற்ற அதே 1910-ஆம் ஆண்டில், மைசூர் சமஸ்தானம் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் பெரியதோர் அணை கட்ட அனுமதி கோரியது. தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் திட்டம் அது. 4,150 கோடி கன அடி நீரைத் தேக்க வேண்டும் என்பது மைசூரின் கோரிக்கை. 1892-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி இத்தகைய புதிய வேலைகளுக்குச் சென்னை மாகாணத்தின் சம்மதம் வேண்டும். சென்னை சம்மதிக்கவில்லை. மேட்டூரில் தானே ஓர் அணை கட்ட அது எண்ணியிருந்தது.

இரு தரப்பின் வலிமையையும் எடைபோட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சென்னை மாகாணம். அது வல்லரசின் சொந்த உடைமை, அதன் கவர்னர் லண்டனால் நியமிக்கப்பெற்றவர். மற்றொரு பக்கம் மைசூர். கப்பம் கட்டும் சமஸ்தானம், ரெசிடெண்டின் கண்காணிப்பில் இருப்பது. நடுவராக இருக்க வேண்டிய இந்திய அரசாங்கமோ அதே வல்லரசின் அங்கம். வழக்காளியும் நீதிபதியும் ஒரே வீட்டார். முடிவு என்னவாக இருக்கும் என்று அன்று எவரும் எளிதில் கணித்திருக்கலாம்.

நடந்தது வேறு. முதற்கட்டமாக 1,100 கோடி கன அடி மட்டும் தேக்க அனுமதி கிடைத்தது. மைசூர் அதை ஏற்றுக்கொண்டு, பின்னால் முழு உயரத்தையும் தாங்கும் அளவுக்கு அடித்தளத்தை அகலமாகவே போட்டது! சச்சரவு முற்றி, 1892 உடன்படிக்கையின் விதிப்படி நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிபின் 1914-இல் வழங்கிய தீர்ப்பு பெரும்பாலும் மைசூருக்கு அனுகூலமாக அமைந்தது. இந்திய அரசாங்கம் 1916-இல் அதனை உறுதிசெய்தது. சென்னை விடவில்லை, லண்டனில் இருந்த இந்தியா மந்திரியிடம் முறையிட்டது. அவர் 1919-இல் விவகாரத்தை மீண்டும் திறந்துவிட்டார். பின்னர் இரு தரப்புப் பொறியாளர்களும் கணக்குகளோடு பல ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்து, 1924 பிப்ரவரி 18-ஆம் நாள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கண்ணம்பாடியில் ஏறக்குறைய 4,480 கோடி கன அடி. மேட்டூரில் 9,350 கோடி கன அடி. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது.

தஞ்சைக் கழனியில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை ஒரு விதமாகவும், மாண்டியாவில் கரும்பு பயிரிடுவோர்க்கு வேறு விதமாகவும் ஒலிக்கும். நியாயம் யார் பக்கம் என்பது இங்கே நம் ஆராய்ச்சி அன்று. அந்த வழக்கு 1990-இல் நடுவர் மன்றத்துக்கும், பின் உச்சநீதிமன்றத்துக்கும் சென்று, 2018 வரை நீண்டதை நேயர்கள் அறிவார்கள். நாம் காண வேண்டுவது ஒன்றே: உலகின் முதல் வல்லரசு, தன் ஆட்சிக்கு உட்பட்ட இரு பகுதிகளுக்கு இடையே ஓர் ஆற்று நீரை ஒரே ஆணையால் பங்கிட முடியாமல் 14 ஆண்டுகள் தவித்தது. ஏன்?

முதலாவதாக, வல்லரசு என்பது ஒரு மனிதன் அன்று. அதற்கு ஒரே மனம் இல்லை. சென்னையில் ஓர் எண்ணம், சிம்லாவில் ஓர் எண்ணம், லண்டனில் மற்றோர் எண்ணம். இந்த இடைவெளிகளில் மைசூர் திவான்கள் சாமர்த்தியமாக நுழைந்தார்கள். அடுத்து, 1892-இல் கையெழுத்திட்ட உடன்படிக்கை வல்லரசையே கட்டிப்போட்டது. அதனை முறித்திருக்கலாம், முறிக்கப் பலம் இருந்தது. ஆனால் ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. 1857-க்குப் பின் அந்த மன்னர்களின் நம்பிக்கை ஆங்கில ஆட்சிக்கு ஒரு தூண். ஒரு காகிதத்தை மதிக்காவிட்டால் மற்ற ஐந்நூறு காகிதங்களும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும்.

இதைக் கேட்டு, வல்லரசு என்பது வெறும் பூச்சாண்டி என்று எண்ணிவிடலாகாது. 1831-இல் நகர் பகுதியில் எழுந்த குடியானவர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி, மைசூர் ஆட்சியை மன்னரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தனர். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் மனுவுக்குமேல் மனு அனுப்பினார். நாட்டைத் திரும்பப் பெறாமலே 1868-இல் காலமானார். அவருடைய சுவீகார புத்திரருக்கு ஆட்சி மீண்டது 1881-இல்தான். ஐம்பது ஆண்டுகள்! அப்போதும் பெங்களூரின் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். தடுக்கவும் தண்டிக்கவும் வல்லரசுக்கு வலிமை உண்டு. அந்த வலிமை உண்மையானது. ஆனால் தான் விரும்பியதை விரும்பியவாறே செய்விக்க அதற்குப் பிறருடைய கைகள் வேண்டும், பிறருடைய இசைவு வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், உலக நிகழ்ச்சிகள் பலவும் தெளிவாகப் புலப்படும்.

1947 ஜூலை 26-ஆம் நாள் தண்டுப் பகுதி மைசூரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. சுதந்திரத்துக்கு இன்னும் இருபது நாள்கள் இருந்தன. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. பிரேசர் டவுன் தமிழர்கள் வீடு மாறாமலே வேறோர் அரசின் குடிகள் ஆயினர்.

சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஜூலை 26-இல், 1956-ஆம் ஆண்டு, எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன் கொதித்தெழுந்தது. பிரான்சோடும் இஸ்ரேலோடும் இரகசியமாகக் கூடிப் படையெடுத்தது. போர்க்களத்தில் அதற்குத் தோல்வி இல்லை என்பதுதான் வியப்பு. தோல்வி பணச்சந்தையில் நேர்ந்தது. பவுன் நாணயம் சரியத் தொடங்கியது; தாங்கிப் பிடிக்க அமெரிக்கா மறுத்தது. சோவியத் ரஷ்யா மிரட்டியது. ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா உள்ளிட்ட நாடுகள் கண்டித்தன. நவம்பர் 6-ஆம் நாள் நள்ளிரவில் போர் நின்றது. டிசம்பர் 22-க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறின. எல்லையைக் காக்கச் சென்ற ஐ.நா. படையில் இந்திய வீரர்களும் இருந்தனர்.

அதே நவம்பரில் ஹங்கேரியில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் புகுந்து மக்கள் எழுச்சியை நசுக்கின. தடுப்பார் இல்லை. தன் வாசலில் நிற்கும் சிறிய நாட்டின்மேல் பெரிய நாடு கைவைத்தால் உலகம் பெரும்பாலும் பெருமூச்சோடு நின்றுவிடுகிறது. தூரம் கூடக் கூடத்தான் ஆணையின் வலு குறைகிறது. அதே சோவியத் படை 1979-இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து, பத்து ஆண்டு இரத்தம் சிந்தி, 1989-இல் திரும்பிற்று.

நம் நாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்லலாம். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை நம்பி நாம் இருந்த காலம் அது. ஜனாதிபதி ஜான்சன் தானியக் கப்பல்களை மொத்தமாக அனுப்ப மறுத்து, சிறிது சிறிதாகவே விடுவித்தார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு அவருக்குக் கசந்தது. 1966 ஜூன் மாதத்தில் டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பை 7 ரூபாய் 50 காசாக மாற்ற நேர்ந்ததில், அமெரிக்காவும் உலக வங்கியும் கொடுத்த நெருக்குதலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, கேட்டதில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. வியட்நாமைப் பற்றிய நம் கருத்தை மாற்றுவது மட்டும் கிடைக்கவில்லை. அந்த அவமானத்தின் நடுவே, உணவு மந்திரி சி. சுப்பிரமணியம், நம் கொங்கு நாட்டவர், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் புதிய ரகக் கோதுமை விதை தருவித்தார். அந்த விதைகளை உருவாக்கிய ஆராய்ச்சிக்கு ஓர் அமெரிக்க அறக்கட்டளையே பணம் தந்திருந்தது என்பது இதிலுள்ள சுவையான முரண்பாடு. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா அந்தக் கப்பல்களுக்காகக் காத்திருக்கும் நிலையிலிருந்து மீண்டது.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், எதிர் நிற்பார் இல்லாத ஒரே வல்லரசாக அமெரிக்கா நின்றது. இனித் தடை ஏது என்று பலரும் எழுதினர். 2003-இல் ஈராக்கின்மேல் படையெடுக்கத் துருக்கியின் வழியே ஒரு படைப்பிரிவை அனுப்ப அது விரும்பிற்று. மார்ச் 1-ஆம் நாள் துருக்கி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவே அதிகம், ஆயினும் வந்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் இசைய வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தீர்மானம் விழுந்தது. துருக்கிக் கரையோரம் தளவாடங்களோடு காத்திருந்த கப்பல்கள் குவைத்துக்குச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. பாக்தாது சில வாரங்களில் வீழ்ந்தது உண்மைதான். அங்கே தான் விரும்பிய அமைதியை அமெரிக்கா நிலைநாட்ட முடியவில்லை. ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் இருந்துவிட்டு, 2021 ஆகஸ்டில் அகற்றப்பட்ட தாலிபான்களிடமே அந்த நாட்டை விட்டுச் சென்றது.

இக்காலத்தில் வல்லரசின் கை படையைவிடப் பணத்தில்தான் நீளமாக இருக்கிறது. உலக வாணிபத்தின் பெரும்பகுதி டாலரில் நடைபெறுவதால், ஒரு நாட்டைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைத்தால் மற்ற நாட்டு வங்கிகளும் அஞ்சி ஒதுங்குகின்றன. 2019 மே மாதம் ஈரான் எண்ணெய்க்குத் தரப்பட்டிருந்த சலுகைக் காலம் முடிந்தபோது, இந்தியா அதை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் 2022-க்குப் பின் ரஷ்ய எண்ணெயை இந்தியா மேலும் மேலும் வாங்கிற்று. அதற்குத் தண்டனையாக 2025 ஆகஸ்டில் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, நம் சரக்குகள் பலவற்றின்மேல் மொத்தம் 50 சதவீதம் ஆயிற்று. அதன் சூடு முதலில் பட்ட இடங்களுள் ஒன்று திருப்பூர். எண்ணெயைப் பற்றி முடிவு செய்தவர்கள் தில்லியில் இருந்தார்கள். தீர்வை போட்டவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் கூலி குறைவது பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு. பெரிய நாடுகள் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் பணியவைக்க முடியும் என்று வல்லுநர்கள் வாதிடும்போது, இந்தக் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மைசூர் செலுத்திய 35 லட்சமும் அரண்மனை உற்பத்தி செய்த பணம் அன்று. குடியானவன் கொடுத்த வரி.

பேட்டையின் இரண்டாவது பெயர் எஞ்சி நிற்கிறது. கன்னோசியிலிருந்து ஆண்ட ஹர்ஷவர்த்தனன் வடநாடு முழுவதையும் அடக்கியபின் தெற்கே திரும்பினான். புலிகேசி அவனை நருமதைக்கு இப்பால் வரவிடவில்லை. 634-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளெக் கல்வெட்டில் ரவிகீர்த்தி என்னும் புலவர் அந்த வெற்றியை வடமொழியில் பாடி வைத்திருக்கிறார். ஹர்ஷனின் நண்பராகவே இருந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும், தக்காணத்து மன்னனை ஹர்ஷனால் அடக்க முடியவில்லை என்று எழுதினார். தடுத்தவன் தானும் அடங்கி இருக்கவில்லை. காஞ்சி வரை படை நடத்திப் பல்லவ நாட்டைக் கலக்கினான்.

பிறகு நடந்தது தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கதை. நரசிம்மவர்ம பல்லவன் மணிமங்கலத்தில் புலிகேசியை முறியடித்து, 642-ஐ ஒட்டி வாதாபியையே கைப்பற்றினான். வாதாபி கொண்டான் என்று பெயர் பெற்றான். பின்னாளில் சிறுத்தொண்டராகிய பரஞ்சோதியார் அப்படையெடுப்பில் பங்கு கொண்டவர் என்பது பெரியபுராண மரபு. பாதாமிப் பாறை ஒன்றில் பல்லவனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. ஆனால் பல்லவர் கையில் வாதாபி நெடுங்காலம் தங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அளவில் புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் அதனை மீட்டுக்கொண்டான். பின்னர் காவிரிக்கரையில் உறையூர் வரை வந்து பாசறை அமைத்தான்.

பிரேசர் டவுனில் ஆட்டோக்காரரிடம் புலிகேசிநகர் என்று சொன்னால், ஒரு கணம் யோசித்துவிட்டு, பிரேசர் டவுன்தானே என்று கேட்பார். 2008 முதல் அப்பகுதியின் சட்டமன்றத் தொகுதிக்குப் பெயர் புலிகேசிநகர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயரின் கீழ்த் தம் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் தமிழர்கள், வாக்களித்துவிட்டு மாஸ்க் ரோடு வழியாக பிரேசர் டவுன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.